வேதகிரியின் குரல் இருக்கும் லேப்டாப்

வேதகிரி என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒலிபெருக்கியில்தான். எங்கள் ஊர் பெருநகரில் தைப்பூசத் திருவிழா. எனக்குக் கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்த புதிது. நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்றாலும் திருவிழாக் கடைத்தெருவை விட்டுவைத்ததில்லை. தாய்வீட்டுக்கு வந்தவள் வளையல் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அப்போது மேலே கூம்பு ஸ்பீக்கரில் ஒருத்தர் அலுத்துப்போன குரலில் கத்தினார்.

"ஒரு பையன் காணாம பூட்டு இங்க வந்துகீறான். நீலச் சட்டை. பேரு வேதகிரின்றான். அப்பன் பேரு இன்னாடான்னா நைனான்றான். ஊரு எதுடான்னா எங்க ஊருன்றான். பெத்தவங்க யாருனா வந்து இட்டுக்கினு போங்கப்பா!"

கடைத்தெரு முழுக்கச் சிரித்தது. பையனின் அம்மா அழுதுகொண்டே ஓடிவந்தாள். பையன் அழவில்லை. மைக்குக்காரர் காலைக் கட்டிக்கொண்டு, "எம்பேர இன்னொரு வாட்டி சொல்லு" என்று அடம்பிடித்ததாக வளையல்காரர் அப்புறம் சொன்னார்.

அந்தப் பையன்தான் பின்னால் என் தம்பி மகள் மேரியைக் கட்டிக்கொண்டான். மேரிக்கு நான் அத்தை. அந்த முறையில் வேதகிரிக்கு நான் பெரியம்மா. மேரியின் அண்ணன் தானியேல் பெருநகரில் மைக்செட் வைத்திருந்தான். தானியேல் சவுண்ட் சர்வீஸ் என்று போர்டு. அதற்கு முன்னால் குவாரியில் கல் உடைத்துக்கொண்டிருந்த வேதகிரியை மச்சான் என்ற உரிமையில் தன்னோடு சேர்த்துக்கொண்டான். கம்பம் நடுவது, ஒயர் இழுப்பது, மரத்தில் ஏறி ஸ்பீக்கர் கட்டுவது எல்லாம் வேதகிரி. ஒருநாள் அறிவிப்பு சொல்கிறவர் வரவில்லை. வேதகிரி மைக்கைப் பிடித்தான். பிறகு அதை அவன் கையிலிருந்து யாரும் வாங்கவில்லை.

அவனிடம் மூன்று குரல் இருந்தது. சாவுக்கு ஒரு குரல், மெதுவாக இறங்கும். கல்யாணம், திருவிழாவுக்கு ஒரு குரல், வாக்கியத்தின் கடைசியில் பட்டம் மாதிரி மேலே ஏறும். சொட்டு மருந்து, ரேஷன் கடை போன்ற சர்க்கார் சமாச்சாரத்துக்கு ஒரு குரல், அதில் மேடு பள்ளமே இருக்காது. ஸ்பீக்கர் கட்டின அவன் ஆட்டோ தெருவில் வரும்போது சொல் காதில் விழுவதற்கு முன்பே எந்தக் குரல் என்று தெரிந்துவிடும். பெண்கள் அதற்குத் தகுந்தமாதிரி அடுப்பை அணைத்துவிட்டோ அணைக்காமலோ வெளியே வருவார்கள்.

சாவு அறிவிப்புதான் கஷ்டமான வேலை. செத்தவர் பெயரை மட்டும் சொன்னால் போதாது. இன்னாருடைய கணவர், இன்னாருடைய தகப்பனார், இன்னாருடைய மாமனார் என்று முறை பிசகாமல் வரவேண்டும். ஒரு சாவில் மூத்த மாப்பிள்ளை பெயர் விட்டுப்போயிற்று. அந்த ஆள் பிணத்தைத் தொடமாட்டேன் என்று புளியமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆட்டோ மறுபடியும் ஊரைச் சுற்றி அவர் பெயரைச் சொன்ன பிறகுதான் எழுந்தார். அன்றிலிருந்து வேதகிரி என்னிடம் வந்து கேட்டுக்கொண்டு போவான்.

"பெரிம்மா, முனியம்மாளுக்கு மொத சம்பந்தி கூரத்துக்காரரா, வாலாஜாபாத்துக்காரரா?"

"கூரத்துக்காரருடா. வாலாஜாபாத்து ரெண்டாவது. ஆனா ரெண்டாவது சம்பந்திக்குத்தான் கோவம் ஜாஸ்தி. அவர மொதல்ல சொல்லிடு."

தானியேல் பக்கத்தில் நின்று சிரிப்பான். "மச்சான், இவ்ளோ பேர சொல்லி முடிக்கறதுக்குள்ள பொணமே எழுந்து போதும்டான்னு சொல்லும்."

வேதகிரியின் மகள் சோபியா பிளஸ் டூ படித்தபோது சர்க்கார் இலவச லேப்டாப் கொடுத்தது. அப்பா நாள் முழுக்க மைக்கில் கத்திவிட்டு ராத்திரி இருமுவதைப் பார்த்து, அவள்தான் சொன்னாள். "நைனா, நீ ஒரு வாட்டி சொல்லு. நான் புடிச்சி வெச்சிக்கறேன். அதும்பாட்டுக்கு சொல்லிக்கினே வரட்டும், நீ டீ குடிச்சிக்கினு வா."

அப்போதிருந்து ஒவ்வொரு அறிவிப்பும் அந்த லேப்டாப்பில் ஏறியது. சோபியா எதையும் அழிக்கவில்லை. அழிக்க அவளுக்கு மனசு வராது. பழைய ரிப்பனைக்கூடச் சுருட்டி வைக்கிற பெண்.

இருமல் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்த்து, தொண்டையில் கட்டி என்றார்கள். குரல் வரும் இடத்தையே எடுத்தால்தான் ஆள் பிழைப்பான் என்றார்கள். வேதகிரி கேட்டுவிட்டு வெளியே வந்து, மேரியிடம் நாஷ்டா வாங்கி வரச் சொன்னானாம். அவ்வளவுதான் பேசினான்.

ஆபரேஷனுக்குப் போகுமுன் சோபியா அவனை வீட்டில் உட்காரவைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, எதிர்த்த வீட்டுச் சேவலைக் கூடையில் மூடிவிட்டு, அவன் குரலைச் சேர்த்தாள். கிழமைகள், மணிகள், ஊர்ப் பெயர்கள், மாமனார், மைத்துனர், சம்பந்தி எல்லாம். மூன்று குரலிலும் சொல்லவைத்தாள். ஆட்களின் பெயர்களுக்கு வந்தபோது மேரி குறுக்கே நின்றாள்.

"உசுரோட கீறவங்க பேர சாவுக் குரல்ல சொல்வியா? உனக்கே தொண்டையில கத்தி வெக்கப்போறாங்க. வாணா. ஒரு பேரும் வாணா."

நானும் அங்கேதான் இருந்தேன். எனக்கும் அது சரியென்றே பட்டது. யாருக்குத்தான் படாது? பெயர்களை விட்டுவிட்டார்கள்.

வேதகிரி பிழைத்து வந்தான். கழுத்தில் ஒரு ஓட்டை, அதன்மேல் வெள்ளைத் துணி. வாய் அசையும், சத்தம் வராது. சோபியா பழைய அறிவிப்புகளையெல்லாம் துண்டு துண்டாக வெட்டினாள். இத்தனை வருஷத்தில் இந்தப் பக்கத்தில் ராஜாராம் என்று எத்தனை பேர், பிரபா என்று எத்தனை பேர்! சாவிலும் கல்யாணத்திலும் எல்லாப் பெயரும் எங்கேயோ ஒரு தடவை அவன் வாயில் வந்திருந்தது. இல்லாதவை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வைக்கிற, வாயில் நுழையாத பெயர்கள்தான். அதற்குப் பொதுவாக "பேரன் பேத்திகள்" என்று போட்டுவிடுவாள். ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சொல் என்று அமைத்து, சாவுக்கு நீல ஸ்டிக்கர், கல்யாணத்துக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிக்கொடுத்தாள். புதிதாக வரும் பெயரை அவள் தேடி ஏற்றிவிட்டால், வேதகிரி ஆட்டோவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழுத்துவான். அவன் குரல் ஊருக்குள் போகும். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே மூச்சுவிட வேண்டும் என்பதெல்லாம் அவன் விரலில் இருந்தது.

சோபியாவோடு லேப்டாப் வாங்கின பிள்ளைகளின் பெட்டிகள் ஒன்றுகூட இன்று கிடையாது. ஒன்று சினிமா பார்த்தே சூடேறிப் போனது. ஒன்றை விற்று செல்போன் வாங்கினார்கள். ஒன்று பரணில் எலிக்கு வீடாயிற்று. வேதகிரியின் பெட்டி மட்டும் ஓடியது. அதன் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஆட்டோ பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து ஓடும்.

சோபியா ஒரகடத்துக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்ததும் அப்பாவுக்குப் புது லேப்டாப் வாங்கித் தந்தாள். அப்பளம் மாதிரி மெலிசு. ஒரு கல்யாண வீட்டு வாசலில் "அனைவரும் வருக" என்று சொல்லப்போகும் நேரம், அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறேன் என்று திரையில் போட்டுவிட்டு நின்றது. மாப்பிள்ளை வந்தார், தாலி கட்டினார், பந்தி முடிந்தது. அது இன்னும் புதுப்பித்துக்கொண்டிருந்தது. போனில் போட்டுப் பார்த்தார்கள். கல் உடைத்துக் காய்ந்த விரல், போன் கண்ணாடிக்கு அவன் தொடுவதே தெரியவில்லை. பழையதில் பொத்தானைக் குத்தினால் உள்ளே இறங்கும், இறங்கினது விரலுக்குத் தெரியும். வேதகிரி புதியதைத் துணியில் சுற்றிச் சோபியா கையிலேயே கொடுத்துவிட்டான்.

இரண்டு மூன்று வருஷத்துக்கு முன் ஆயுத பூஜை முடிந்த கையோடு பழைய பெட்டி மக்கர் செய்தது. போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், கொதிக்கும், அணைந்துவிடும். உத்திரமேரூர் பஜாரில் அஹமது பாட்சா மகன் ஜமீர் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். எப்போதும் அவன்தான் அதைப் பார்ப்பான். உள்ளே இருக்கும் ஃபேன் ஓடவில்லை, சென்னையிலிருந்து வரவேண்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டான்.

ஃபேன் வருவதற்குள் தானியேல் போய்விட்டான். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழவில்லை. அன்று மாலையே அடக்கம் என்று முடிவாயிற்று. என் தம்பி மகன். எனக்குப் பின்னால் பிறந்தவன்.

சாவு வீட்டில் அறிவிப்புப் பேச்சு வந்ததாம். தானியேலின் மகன் செந்தமிழன் அழுது வீங்கின முகத்தோடு சொன்னான், "மாமா, ராஜாராம் ஆட்டோ எடுத்தாந்துகீறாரு. அவரு சொல்லட்டும். நீ அப்பா பக்கத்துல ஒக்காரு."

ராஜாராம் நல்ல மனுஷன்தான். இப்போது இந்தப் பக்கம் அறிவிப்பு சொல்கிற இன்னொருவர். வேதகிரி முடியாது என்று தலையை ஆட்டினான். தன் மார்பைத் தட்டிக் காட்டினான். சுற்றியிருந்த அத்தனை ஊரின் சாவையும் சொன்னவன், தன் மச்சான் சாவை வேறொருவன் சொல்ல விடுவதா? ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டு, மேரியையும் சோபியாவையும் ஏற்றிக்கொண்டு நேரே உத்திரமேரூர் வந்தான். என்னை அழைத்துப்போக வந்த வண்டியும் அதுதான். என்னை ஏற்றிக்கொண்டு முதலில் ஜமீர் கடையில் நின்றது.

ஜமீர் சமாச்சாரம் கேட்டதும் கையிலிருந்த வேலையைத் தள்ளி வைத்தான். "மாமா, ஃபேன் இன்னும் வரல. நாளைக்குத்தான் வரும்."

வேதகிரி தரையைக் காட்டினான். இப்போது, இங்கே.

"அப்பிடியே மெமரி கார்டுல ஏத்தித் தரேன், ராஜாராம் போன்ல போடட்டும்."

வேதகிரி தன் விரல்களை அவன் முகத்துக்கு நேரே நீட்டினான். ஜமீர் திருகாணிகளைக் கழற்ற உட்கார்ந்தான். அடி மூடியைத் திறந்தவன் அப்படியே நிமிர்ந்தான்.

"யா அல்லா! மாமா, இது இன்னா?"

பக்கவாட்டுச் சல்லடை முழுக்க மஞ்சளாக இறுகிக் கிடந்தது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வேதகிரி ஆட்டோவைக் கழுவி, மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, லேப்டாப்புக்கும் வைப்பான். எல்லாவற்றையும்விட அதற்குத்தான் தாராளமாக. காற்று வெளியே வரும் சல்லடை ஒன்றுதான் தட்டையாகக் கைக்கு வாகாக இருந்தது போலிருக்கிறது. ஜமீர் குச்சியால் சுரண்டினான். ஃபேன் இறக்கைக்கு நடுவே ஒரு பொரி மாட்டியிருந்தது.

"பொரி துன்னுட்டு கீது மாமா. கடலைய மட்டும் நீ துன்னுட்டியா?"

அண்ணனைப் பறிகொடுத்த மேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அழுகையாக மாறியது. வேதகிரி தலையைக் குனிந்துகொண்டான்.

"தலைய தூக்கு மாமா," என்றான் ஜமீர், சுரண்டிக்கொண்டே. "ஊர்ல பாதி பேரு இப்பிடித்தான் பண்றான். ஆனா அவனுங்க பொட்டிய நான் குப்பையில போட்டுட்டேன். இது ஏன் ஓடுது தெரியுமா ஆயா?" என்று என்னைப் பார்த்தான். "திருகாணி போட்டு மூடிகீறான், தொறக்கலாம். இப்ப வரதையெல்லாம் பசை போட்டு ஒட்டிட்றான். இதுக்கு நெட்டு கெடையாது, யாரும் வெளியேர்ந்து வந்து இத்த மாத்து அத்த மாத்துன்னு தொந்தரவு பண்றதில்ல. ஒரே வேலை. அத்த விடு, இது ஒவ்வொரு வாட்டி நிக்கறப்பவும் தூக்கிக்கினு ஓடியாற ஒரு ஆளு கீறாரு. ஆளு வரலன்னா நான் எத்த ரிப்பேர் பண்றது?"

அவன் சூட்டை இழுக்கும் புதுப் பசை தடவி, சுத்தம் செய்து, மூடியைப் போடாமலே திருப்பி வைத்தான். போட்டதும் திரை வெளிச்சம் வந்தது. ஃபேன் முனகியது, சுற்றவில்லை. "வெளியேர்ந்து காத்து குடுத்துக்கினே இருக்கணும். நிறுத்தினா அணைஞ்சிரும்."

மேரி அவன் மேஜையிலிருந்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டாள்.

ஆட்டோவில் லேப்டாப்பை இரண்டு மரச்சட்டத்தின்மேல் ஏற்றி வைத்தார்கள். மேரி கீழே காற்றுப் போகும்படி விசிறினாள். சோபியா சொற்களைத் தேடினாள். "பெருநகர்" கிடைத்தது. "மேரி" கிடைத்தது, ஏதோ ஒரு பழைய சாவிலிருந்து. "செந்தமிழன்" கிடைத்தது. பிறகு அவள் கை நின்றது.

"நைனா. மாமா பேரு சாவுக் குரல்ல இல்ல."

இந்தப் பக்கத்தில் வேறு தானியேலே கிடையாது. யாரும் சாகவில்லை, யாரும் கட்டவில்லை. அவனைப் பெற்றவர்களும் லேப்டாப் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தவர்கள். ஒரே ஒரு இடத்தில்தான் அந்தப் பெயர் இருந்தது. ஒவ்வொரு திருவிழா, கல்யாண அறிவிப்பின் முடிவிலும் வேதகிரி சொல்வான்: ஒலி ஒளி அமைப்பு, தானியேல் சவுண்ட் சர்வீஸ்! சோபியா அதை வெட்டிப் போட்டுக் காட்டினாள். பெயர் மட்டும் வந்தது. துள்ளிக்கொண்டு, பட்டம் மாதிரி மேலே ஏறிக்கொண்டு.

மேரி முகம் வெளுத்தது. பெயர் வேண்டாம் என்று அன்றைக்குக் குறுக்கே நின்றது அவள் நினைப்பில் வந்திருக்கும். என் நினைப்பிலும் வந்தது.

"பேரு இல்லாம, மேரியின் அண்ணன்னு மட்டும் போடட்டா?" என்று கேட்டாள் சோபியா.

"பேரு இல்லாம எப்பிடிடீ அடக்கம் பண்றது? அவரு இன்னா அநாதையா?" என்றாள் மேரி.

"ராஜாராம் மாமாவ பேர மட்டும் சொல்லச் சொல்லிச் சேத்துடலாமா?"

வேதகிரி இல்லை என்று கையை வீசினான். மேரியைப் பார்த்தான். அவளிடம்தான் கேட்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

மேரி விசிறுவதை நிறுத்தாமலே சொன்னாள், "இதுல யோசிக்க இன்னா கீது? எங்கண்ணன் பேர நீ வேற எப்பிடி சொல்லிகீற?"

ஆட்டோ பெருநகருக்குள் நுழைந்தது. வேதகிரி ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் அழுத்தினான். "வருத்தத்துடன் அறிவித்துக்கொள்வது" என்று அவன் பழைய குரல் மெதுவாக இறங்கியது. வாசல்களுக்கு ஆட்கள் வந்தார்கள். "பெருநகர் காலனியைச் சேர்ந்த" என்று இன்னும் இறங்கியது. அடுத்த பொத்தானில் அவன் விரல் ஒரு மூச்சு நேரம் நின்றது. பிறகு, "தானியேல்!" என்று திருவிழாவாக எழுந்தது. உடனே, "அவர்கள், இன்று காலை காலமானார்" என்று மறுபடியும் இறங்கியது.

டீக்கடையில் நின்ற பையன்கள் சிரித்துவிட்டார்கள். கடைக்காரர் அவர்களில் ஒருவன் முதுகில் அறைந்தார். இரண்டாவது சுற்றில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு கிழவர் குடையை மடக்கிக்கொண்டு நின்று, "ஆமாம்பா, அவன் பேரு அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தார். மேரி, செந்தமிழன், சம்பந்திகள், பேரன் பேத்திகள் என்று முறை பிசகாமல் வந்தது. மேரி வலது கை ஓய்ந்து இடது கைக்கு மாற்றினாள். அப்புறம் நான் வாங்கி விசிறினேன், அப்புறம் சோபியா. வாலாஜாபாத் ரோடு வரை போய்த் திரும்பினோம். பெட்டி அணையவில்லை.

சாவு வீட்டு வாசலில் கடைசியாக ஒருமுறை சொன்னான். தானியேலின் மனைவி உள்ளேயிருந்து அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, அதுவரை அழாமலே உட்கார்ந்திருந்தவள், வாய்விட்டு அழுதாள். செந்தமிழன் ஓடிவந்து வேதகிரியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். "மாமா, எங்கப்பாவ நீதான் சொல்லணும். நான் தெரியாம சொல்ட்டேன்." வேதகிரி அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தான். மேரி அதன் பிறகுதான் அட்டையைக் கீழே வைத்தாள்.

அந்தச் சாவுக்குப் பிறகு ஊர்க் கிழடுகள் ஒவ்வொன்றாகச் சோபியாவிடம் வந்தன. "அம்மாடி, எம்பேரு எந்தக் குரல்ல கீது?" என்று ரகசியமாகக் கேட்டன. ஒருவருடைய பெயர் ரேஷன் கடைக் குரலில்தான் இருந்தது. அவருக்குப் பெரிய மனத்தாங்கல். "நான் இன்னா, வந்து சேராத சக்கரையா?" என்று சண்டைக்கு வந்தார். என் பெயர் ஒரு கல்யாணக் குரலில் இருக்கிறது. எனக்கு அதுவே போதும் என்று சொல்லிவிட்டேன்.

ஜமீர் புது ஃபேன் போட்டுக்கொடுத்தான். கூடவே எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, தன் கடையில் பூட்டி வைத்துக்கொண்டான். ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவனே வந்து லேப்டாப்பைத் துடைத்து, சல்லடைமேல் டேப் ஒட்டிவிட்டு, "சந்தனத்த டேபிள் கால்ல வை மாமா" என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

வேதகிரி இப்போது பெருநகர் காலனியில், மேரியோடு, அதே வீட்டில்தான் இருக்கிறான். ஆட்டோ வாசலில் நிற்கிறது. யாராவது வந்து கூப்பிட்டால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போகிறான்.